ப்ராஜெக்ட் பண்ணப் போறீங்களா... வாங்கப் போறீங்களா?

ஏழாவது செமஸ்டர் ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம். காலேஜ் கேன்டீன். நாலு பேர், ரெண்டு டீ, ஒரே ஒரு சமோசா. முதல் ஆள் கேட்கிறான்: ''மச்சான், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் யோசிச்சியா?'' ரெண்டாவது ஆள், ''அதெல்லாம் டிசம்பர்ல பாத்துக்கலாம்டா!'' மூணாவது ஆளுக்கு ஒரு 'ப்ராஜெக்ட் சென்டர்' நம்பர் தெரியும். சீனியர் கொடுத்தது. நாலாவது ஆள் எதுவுமே பேசலை. சமோசாவில் பிஸி!

இந்த சீன்ல நீங்க எந்த ஆள்னு உங்களுக்கே தெரியும். நான் அந்த நாலாவது ஆள்.

எங்க பேட்ச் நாலு பேரும் ஆளுக்கு மூவாயிரம் போட்டு ஒரு சென்டர்ல 'கிட்' வாங்கினோம். ஒரு டப்பா, ஒரு சி.டி., ஸ்பைரல் பைண்டிங் பண்ணின ரிப்போர்ட். கூடவே 'வைவாவில் கேட்கப்படும் 25 கேள்விகள்'னு ஒரு ஜெராக்ஸ் வேற! வைவா அன்னிக்கு எக்ஸ்டர்னலா வந்த சார் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். சிரிச்சார். ''இந்த வாரத்துல இதை மூணாவது காலேஜ்ல பாக்கிறேன் தம்பி'' என்றார். அப்புறம் உள்ளே இருந்த ஒரு ரிலேவைக் காட்டி, ''இதை எடுத்துட்டா என்ன ஆகும்?'' என்று கேட்டார். 25 கேள்வியில் அது இல்லை. நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம்.

உண்மையைச் சொல்லணும்னா, மார்க் வந்துடுச்சு. நல்ல மார்க்தான். யாரும் ஃபெயில் ஆகலை, யாரையும் கூப்பிட்டுத் திட்டலை. அடி விழுந்தது அப்புறம். ஒரு இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்தவர் என் ரெஸ்யூமைப் பார்த்து, ''உங்க ப்ராஜெக்ட்டைப் பத்திச் சொல்லுங்க. அதுல நீங்க என்ன பண்ணுனீங்க?'' என்றார். 'நாங்க' இல்லைங்க, 'நீங்க'. அந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒரு வரி பதில்கூட இல்லை. நாலு வருஷம் படிச்சவன்கிட்ட, தானா செஞ்ச ஒரு பொருளைப் பத்திச் சொல்ல ஒரு வரி இல்லை!

அதனாலதான் போன வருஷம் என் சித்தி பொண்ணு போன் பண்ணி, ''அண்ணே, நல்ல ப்ராஜெக்ட் சென்டர் ஏதாவது தெரியுமா?''ன்னு கேட்டப்போ எனக்குக் கொஞ்சம் பதறிடுச்சு. அவ ஈ.சி.ஈ. ஃபைனல் இயர். ஊர் கோவில்பட்டிப் பக்கம். அவ கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போறேன். ஹீரோயின் பேரு மட்டும் கிடையாது. போட்டா வீட்டுக்கே வந்து உதைப்பா!

இது எவ்வளவு பெரிய பேப்பர் தெரியுமா?

கதைக்கு முன்னாடி சின்னதா ஒரு கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ம் வருட விதிமுறையில், பல பி.இ. பிரிவுகளுக்கு எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்ட் 10 கிரெடிட். சாதாரண தியரி பேப்பர் 3 கிரெடிட்தான். மூணு பேப்பருக்கு மேல வெயிட் இருக்கிற ஒண்ணை டிசம்பர் கடைசி வாரத்துல யோசிக்கிறது நம்மால மட்டும்தான் முடியும்!

ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் மக்களே, நழுவாதீங்க. உங்களுக்கும் ஆறாவது செமஸ்டர்ல பல காலேஜ்ல ப்ராஜெக்ட் உண்டு. டெல்லி பல்கலைக்கழகம் மாதிரி நாலு வருஷ ஹானர்ஸ் படிப்பு வந்துட்ட இடங்கள்ல இது இன்னும் சீரியஸ். யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட வரையறைப்படி, முதல் ஆறு செமஸ்டர்ல 75 சதவீதமும் அதுக்கு மேலயும் எடுத்தவங்க நாலாவது வருஷம் 'ஹானர்ஸ் வித் ரிசர்ச்' எடுக்கலாம். அதுல ஆய்வு ப்ராஜெக்ட்டுக்கு மட்டுமே 12 கிரெடிட்.

அமெரிக்காவுல இந்தப் பழக்கம் பழசு. அங்கே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல படிச்ச வெண்டி காப் என்கிற பொண்ணு, 1989-ல் தன்னோட கடைசி வருஷ ஆய்வா ஒரு திட்டத்தை எழுதினாங்க. நல்லாப் படிச்சு முடிச்ச பட்டதாரிகள் ரெண்டு வருஷம் ஏழைப் பள்ளிக்கூடங்கள்ல போய்ப் பாடம் நடத்தினா என்ன? இதுதான் விஷயம். அடுத்த வருஷமே சுமார் 500 பேரோட அது 'டீச் ஃபார் அமெரிக்கா'ன்னு நிஜமாவே ஆரம்பிச்சுடுச்சு. அதே மாடல்ல 2009-ல் நம்ம நாட்டு வகுப்பறைகளுக்கு வந்ததுதான் 'டீச் ஃபார் இந்தியா'. எல்லா ப்ராஜெக்ட்டும் இப்படி ஆகும்னு நான் பில்டப் கொடுக்கலை. பைண்டிங் பண்ணி டிபார்ட்மென்ட் பீரோவுல தூங்கறதுக்காக மட்டுமே ப்ராஜெக்ட் பிறக்கலைங்கிறதுதான் பாயின்ட்.

மோட்டாரே இல்லாத காட்டுக்கு ஆட்டோமேட்டிக் மோட்டார்!

சரி, தங்கச்சி கதைக்கு வருவோம். அவ பேட்ச் முதல்ல எடுத்துட்டுப் போன டைட்டில் 'ஐ.ஓ.டி. பேஸ்டு ஸ்மார்ட் அக்ரிகல்ச்சர் சிஸ்டம்'. கேள்விப்பட்ட மாதிரி இருக்கா? இருக்கும். தமிழ்நாட்டுல எந்த இன்ஜினீயரிங் காலேஜுக்குள்ள நுழைஞ்சு கல்லெறிஞ்சாலும் இந்த டைட்டில் மேலதான் விழும். மண்ணுல ஒரு சென்சார் குத்தணும். ஈரம் குறைஞ்சா மோட்டார் தானா ஓடணும். போன்ல மெசேஜ் வரணும். முடிஞ்சுது ப்ராஜெக்ட்!

நான் ஒண்ணுதான் கேட்டேன். ''உங்கப்பா காட்டுல இதை எங்கே வைப்பே?''

கொஞ்ச நேரம் போன்ல சத்தமே இல்லை. அப்புறம் சிரிச்சுட்டா. ''அண்ணே... அங்க ஏது மோட்டாரு? மானாவாரில்லா!''

அதேதான். சித்தப்பாவுக்கு இருக்கிறது கரிசல் காடு. கிணறு கிடையாது, போர் கிடையாது. புரட்டாசி, ஐப்பசியில வானம் கொடுத்தா உளுந்து, மக்காச்சோளம், பருத்தி. கொடுக்கலைன்னா கடன். அப்பா காட்டுக்கு ஒத்தப் பைசா பிரயோஜனம் இல்லாத ஒண்ணை, 'விவசாயிகளுக்கு உதவும்'னு அப்ஸ்ட்ராக்ட்ல எழுதிக் கையெழுத்து வாங்கப் போயிட்டா பொண்ணு! அவளைக் குத்தம் சொல்லலை. டைட்டில் வந்தது நெட்ல இருந்து. நெட்டுக்கு அவ ஊர் தெரியாது.

''அப்ப உங்கப்பா என்னதான் பண்ணுவாரு?''ன்னு கேட்டேன். ''குனிஞ்சு மண்ணை அள்ளிக் கையில பிடிச்சுப் பார்ப்பாரு. பதம் இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாரு. அதை வெச்சுத்தான் விதைக்கிறது, உரம் போடுறது எல்லாம்.''

பிடிச்சுட்டோம்ல! அந்தக் கைப்பிடி மண்ணுதான் ப்ராஜெக்ட்.

கடல் வேண்டாம்... ஒரு குடம் போதும்

இங்கேதான் முக்காவாசிப் பேர் சறுக்குறது. 'ஸ்மார்ட் அக்ரிகல்ச்சர்' ஒரு டைட்டிலே இல்லைங்க, அது ஒரு கடல். 'தமிழ் சினிமாவில் பெண்கள்', 'சமூக வலைதளமும் இளைஞர்களும்', 'நீர் மாசுபாடு ஒரு ஆய்வு' எல்லாமே கடல்தான். எட்டு வாரத்துல கடலைக் குடிக்க முடியாது. நீங்க எழுதறது கேள்விக்குறியில முடியுதான்னு முதல்ல பாருங்க. கேள்விக்குறி வரலைன்னா இன்னும் ப்ராஜெக்ட் வரலைன்னு அர்த்தம்.

தங்கச்சி எப்படிச் சுருக்கினான்னு பாருங்க. மண்ணின் ஈரத்தை அளக்க மார்க்கெட்ல 100, 150 ரூபாய்க்கே சென்சார் கிடைக்குது. ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்த ரெசிஸ்டிவ் வகை ஈர மண்ணுல கரன்ட் போகப் போக அரிச்சுடும். சில வாரத்துலயே ரீடிங் தண்ணி காட்டிடும். அதனால கெப்பாசிட்டிவ் வகை. இது மண்ணோட டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட்டை வெச்சு ஈரத்தைச் சொல்லுது. தண்ணிக்கு அது 80 கிட்ட, காய்ஞ்ச மண்ணுக்கு 3-ல் இருந்து 5, காத்துக்கு 1. ஈரம் கூடினா எண் கூடும். சிம்பிள்!

ஆனா கரிசல் மண்ணு சிம்பிள் இல்லை. ஈரமானா உப்பும், காய்ஞ்சா சுருங்கி வெடிக்கும். சென்சாருக்குப் பக்கத்துல வெடிப்பு விட்டா, அது தொட்டுக்கிட்டிருக்கிறது மண்ணை இல்லை, காத்தை! அப்போ அது காட்டுற ரீடிங் என்ன ஆகும்? இதோ வந்துடுச்சு கேள்விக்குறி. 'மழை முடிஞ்சு காடு காயற மாசங்கள்ல, கரிசல் மண்ணுல இந்த 150 ரூபாய் சென்சார் சொல்றது எவ்வளவு தூரம் உண்மை?'

மோட்டார் போச்சு. போன் மெசேஜ் போச்சு. மிச்சம் ஒரே ஒரு கேள்வி. கேட்டதும் பேட்ச்ல ஒருத்தன், ''இவ்வளவுதானா? சின்னதா இருக்கே''ன்னு முகம் சுளிச்சானாம். முடிக்கும்போது அவனேதான், ''ஏன் இவ்வளவு பெருசா எடுத்தோம்?''னு புலம்பினது. எப்பவும் அப்படித்தான்.

எக்கனாமிக்ஸ் படிக்கிறவரா? 'டிஜிட்டல் இந்தியாவின் தாக்கம்' வேண்டாமே. 2016-ல் வந்த யு.பி.ஐ. இப்போ உங்க தெரு டீக்கடை வரைக்கும் வந்தாச்சு. அதே கடைகள்ல அக்கவுன்ட் வெச்சுக் குடிக்கிறவங்களுக்கான கடன் நோட்டும் தொங்குது. போன் எடுத்தாப் பணம் போயிடுதுன்னா அந்த நோட்டு என்ன ஆச்சு? காலேஜ் வாசல்ல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருபது கடை. உட்கார்ந்து பேசி, எண்ணிப் பாருங்க. (கடைக்காரர்கிட்ட எதுக்குன்னு சொல்லிட்டு எண்ணுங்க. கடன்காரங்க பேரை உங்க நோட்டுல எழுதாதீங்க. பாவம், அதுல உங்க ஹெச்.ஓ.டி. பேரும் இருக்கலாம்!)

தமிழ் இலக்கியம், வரலாறு, விஸ்காம் நண்பர்கள் பழைய சினிமா பத்திரிகை ஒண்ணோட ஒரே ஒரு வருஷ இதழ்களை எடுத்துக்கிட்டு, சோப்பு விளம்பரத்துல வர்ற பொண்ணுங்க என்னவெல்லாம் பண்றாங்கன்னு பார்க்கலாம். சென்னை தரமணியில இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எதுக்கு இருக்கு? ஒரு நாள் போய் உட்கார்ந்தீங்கன்னா ஒரு ப்ராஜெக்ட் இல்லை, ஒன்பது ப்ராஜெக்ட்டோட வெளியே வருவீங்க. அந்த ஒன்பதுல எட்டைக் கீழே போடறதுதான் கஷ்டம்.

மேடம் கேட்ட மூணு கேள்வி

இனிமேதான் ப்ரபோசல். நம்ம ஊர்ல இதுக்கு 'ஜீரோத் ரிவியூ'ன்னு பேரு. ஜீரோன்னு பேர் இருக்கிறதால மக்கள் ஜீரோ ப்ரிப்பரேஷனோட போறாங்க. நெட்ல இருந்து ஒரு 'பேஸ் பேப்பர்' டவுன்லோடு. அதோட அப்ஸ்ட்ராக்ட்டை இங்கே ஒரு வார்த்தை அங்கே ஒரு வார்த்தை மாத்தி, பத்து ஸ்லைடு. இப்போ சாட்ஜிபிடி வந்ததுல இருந்து அதுவும் மிச்சம். ஆனா ஒரே வகுப்புல பதினஞ்சு அப்ஸ்ட்ராக்ட்டும் 'இன்றைய வேகமான உலகில்'னே ஆரம்பிச்சா, கைடுக்குத் தெரியாதா? வார்த்தையைச் சீர் பண்ண வேணும்னா அதைக் கேளுங்க. உங்க சித்தப்பா காட்டுல கிணறு இல்லைங்கிறது அதுக்குத் தெரியாது.

தங்கச்சி பேட்ச்சோட முதல் ப்ரபோசல், அதான் அந்த மோட்டார் விவகாரம், திரும்பி வந்துடுச்சு. கைடு மேடம் மூணே மூணு கேள்வி கேட்டிருக்காங்க. ''இது யாருக்கு? உன் ரீடிங் சரின்னு எதோட ஒப்பிட்டுச் சொல்லுவே? மார்ச்சுக்குள்ள முடியுமா?'' மூணுக்கும் பதில் இல்லை. ராத்திரி பூரா அழுதிருக்கா. எனக்குப் போன் பண்ணி, ''அந்த மேடத்துக்கு எங்களைக் கண்டாலே பிடிக்கலைண்ணே''ன்னா.

பிடிக்காதவங்க கேள்வி கேட்க மாட்டாங்க. 'ஓகே, அடுத்த பேட்ச்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

ரெண்டாவது தடவை போனப்போ அவ கையில இருந்தது ஒரே பக்கம். மேலே கேள்வி. அடுத்து, இதுவரைக்கும் மத்தவங்க என்ன கண்டுபிடிச்சிருக்காங்கன்னு ஏழு வரி. அந்த ஏழு வரிக்கு நிஜமாவே அஞ்சு பேப்பர் படிச்சிருந்தா. (கூகுள் ஸ்காலர் எல்லாருக்கும் தெரியும். இந்தியப் பல்கலைக்கழக பி.ஹெச்டி. ஆய்வேடுகள் 'சோத்கங்கா'வுல சும்மாவே கிடைக்குது. தமிழ்ல எழுதினதும் ஏராளம். இருபது பேப்பரை லிஸ்ட் போடறதை விட அஞ்சைப் படிக்கிறது மேல். வைவாவுல லிஸ்ட்ல இருக்கிறதைத்தான் கேட்பாங்க!)

அப்புறம் முறை. ஒப்பிட என்ன வெச்சிருக்கேன்னு மேடம் கேட்டாங்க இல்லையா? அதுக்குப் பதில் ரொம்பப் பழசு. காட்டுல சென்சார் குத்தின இடத்துலயே மண்ணை எடு. எடை போடு. 105 டிகிரியில ஒரு நாள் முழுக்க உலர்த்து. திரும்ப எடை போடு. 130 கிராம் மண்ணு 100 கிராம் ஆச்சுன்னா, போன 30 கிராமும் தண்ணி. ஈரம் 30 சதவீதம். இதுல பொய் சொல்ல இடமே இல்லை. வாரம் ரெண்டு தடவை, மூணு இடம், ரெண்டு ஆழம். ஒவ்வொரு தடவையும் சென்சார் சொன்னது ஒரு காலம், அடுப்பு சொன்னது ஒரு காலம். மூணாவது காலம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: அப்பா கையில பிடிச்சுப் பாத்துச் சொன்னது!

பக்கத்தோட கடைசியில செலவு, தேதி, இன்னொரு விஷயம். 'சென்சார் சரியாக் காட்டலைன்னா?' இந்த வரியை யாரும் எழுதறதே இல்லை. அவ எழுதியிருந்தா. சரியாக் காட்டலைன்னா எந்த ஈரத்துல இருந்து, எவ்வளவு தப்பாக் காட்டுதுங்கிறதே முடிவுன்னு. அதாவது, ஜெயிச்சாலும் ரிப்போர்ட் உண்டு, தோத்தாலும் ரிப்போர்ட் உண்டு. ப்ரபோசல் எழுதும்போது இந்த ஒரு வரிக்கு இடம் விடுங்க. ஏப்ரல் மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்ற பாவத்துல இருந்து அது உங்களைக் காப்பாத்தும்.

மேடம் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. ஹெச்.ஓ.டி. மட்டும், ''டைட்டில்ல ஐ.ஓ.டி. எங்கேம்மா?''ன்னு கேட்டிருக்கார். ''முதல்ல சென்சார் உண்மை பேசுதான்னு பாத்துடலாம் சார். அப்புறம் நெட்ல ஏத்தலாம்''னு சொல்லியிருக்கா. அதுவரைக்கும் அவ ஹெச்.ஓ.டி. முன்னாடி வாயே திறந்தது கிடையாது!

கலாமுக்குக் கிடைச்ச மூணு நாள்

ரிவியூன்னதும் ஒருத்தர் ஞாபகம் வர்றார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில அப்துல் கலாம் படிச்சப்போ, அவருக்கும் இன்னும் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு தாக்குதல் விமானத்தை வடிவமைக்கிற ப்ராஜெக்ட். ரிவியூ பண்ணின டைரக்டர் ஸ்ரீனிவாசன், வேலை மோசம்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டார். கலாம் ஒரு மாசம் டைம் கேட்டார். கிடைச்சது மூணு நாள். முடிக்கலைன்னா ஸ்காலர்ஷிப் கட்! ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டு டிராயிங் போர்டுக்கு முன்னாடியே உட்கார்ந்து முடிச்சதா 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்துல அவரே சொல்லியிருக்கார்.

இந்தக் கதையை எல்லா மேடையிலயும் 'கடின உழைப்பு'க்காகச் சொல்லுவாங்க. நான் வேற ஒண்ணைப் பார்க்கிறேன். அந்த அஞ்சு பேர்ல யார் எதுங்கிறது தெளிவா இருந்துச்சு. ஏரோடைனமிக் டிசைன் கலாமோடது. இன்ஜின், ஸ்ட்ரக்சர், கன்ட்ரோல், கருவிகள் மத்த நாலு பேரோடது. அதனால யார்கிட்ட மூணு நாள் கொடுக்கணும்னு சாருக்கும் தெரிஞ்சுது. நம்ம பேட்ச்லயும் நாலு பேர் இருக்கோம். ஒருத்தர் பண்ணுவார், ஒருத்தர் பிபிடி போடுவார், ஒருத்தர் ட்ரீட் வாங்குவார், ஒருத்தர்... சமோசா! ப்ரபோசல் பக்கத்துலயே பேருக்கு நேரா வேலையை எழுதிடுங்க. ஃப்ரெண்ட்ஷிப்பும் தப்பிக்கும்.

அப்புறம் தேதி. காலண்டரை எடுத்து நிஜமா எண்ணுங்க. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்னா பதிமூணு வாரம்னு தோணும். பொங்கல்ல ஒண்ணு போச்சு. ரெண்டு இன்டர்னல், சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், கம்பெனி வந்தா அப்டிட்யூட் டெஸ்ட், யாரோ ஒருத்தர் அக்கா கல்யாணம். மிச்சம் ஏழு, எட்டு வாரம். ரிப்போர்ட் எழுத ரெண்டை எடுத்து வைங்க. ஆர்டர் போட்ட பொருள் வந்து சேர ஒரு வாரம், வந்தது வேலை செய்யலைன்னு தெரிய இன்னொரு நாள். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்துல இருக்கிறவங்க கொடுத்து வெச்சவங்க. மத்தவங்க எதையுமே ரெண்டா வாங்குங்க. தங்கச்சி மூணு சென்சார் வாங்கினா. ஒண்ணு வந்ததுல இருந்தே ஊமை.

காசுக்கு ஒரு வழி சொல்லட்டுமா? தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்களுக்கு நிதி கொடுக்கிற திட்டம் ஒண்ணு வெச்சிருக்கு. கர்நாடகாவுல இதே மாதிரி மாநில மன்றம் 1977-ல் இருந்தே மாணவர் ப்ராஜெக்ட்களைத் தேர்ந்தெடுத்து உதவிக்கிட்டு வருது. 'நான் முதல்வன்' திட்டத்துல நடக்கிற 'நிரல் திருவிழா'வுல நிஜமான பிரச்னைகளையே தலைப்பாக் கொடுக்கிறாங்க. எதுவா இருந்தாலும் கேட்கிறது ப்ரபோசலைத்தான். கடைசித் தேதி தெரிஞ்சு ஓடறதை விட, அந்த ஒரு பக்கம் ரெடியா இருந்தா, நோட்டீஸ் போர்டுல சர்க்குலர் ஒட்டின அன்னிக்கே கொடுத்துடலாம்.

அடுப்பு எங்கே?

தங்கச்சியோட ப்ளான்ல ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு. 105 டிகிரி அடுப்புக்கு எங்கே போறது? ஈ.சி.ஈ. லேப்ல ஆஸிலோஸ்கோப் இருக்கும், அடுப்பு ஏது? வீட்டு கேஸ் அடுப்புல வறுத்தா சித்தி வறுத்துடுவாங்க!

அதுவும் அவ காலேஜுக்குள்ளயே இருந்துச்சு, நூறு மீட்டர் தள்ளி. சிவில் டிபார்ட்மென்ட் சாயில் மெக்கானிக்ஸ் லேப். மண்ணுல எவ்வளவு தண்ணி இருக்குன்னு பார்க்கிறது அவங்களுக்கு செகண்ட் எக்ஸ்பெரிமென்ட் மாதிரி. அடுப்பு, தராசு, சின்னச் சின்ன அலுமினிய டப்பா எல்லாம் வரிசையா அடுக்கி வெச்சிருக்கு. மூணரை வருஷமா அந்த வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போயிருக்கா, ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அங்கே இருந்த லேப் அசிஸ்டென்ட் அண்ணன் முதல்ல, ''ஈ.சி.ஈ.க்கு இங்க என்னம்மா வேலை?''ன்னு விரட்டியிருக்கார். கைடு மேடத்தோட கையெழுத்து இருந்த அந்த ஒரு பக்கத்தை நீட்டியிருக்கா. நின்னு நிதானமாப் படிச்சாராம். படிச்சுட்டு, ''எங்க ஊரும் கரிசல்தான்''னாராம். அதுக்கப்புறம் ஒவ்வொரு திங்களும் வியாழனும் டப்பாவுல நம்பர் எழுதி, சாயங்காலம் வெச்சு, மறுநாள் சாயங்காலம் எடுத்து வெச்சதே அவர்தான்.

என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? ஜனவரி வரைக்கும் சென்சாரும் அடுப்பும் ஓரளவு சேர்ந்தே போச்சு. பிப்ரவரி நடுவுல காடு வெடிக்க ஆரம்பிச்சதும் சென்சார் தடுமாறிடுச்சு. மண்ணுக்குள்ள ஈரம் இருக்கும்போதே 'காய்ஞ்சு போச்சு, காய்ஞ்சு போச்சு'ன்னு கத்த ஆரம்பிச்சுது. சித்தப்பா கைப்பிடி அதுக்கப்புறமும் பல நாள் அடுப்போட ஒத்துப்போச்சு. ஒண்ணு ரெண்டு நாள் அவரும் தப்பு. அதையும் மறைக்காம டேபிள்ல போட்டுட்டா. அவருக்கு அதுல கொஞ்சம் வருத்தம்!

வைவாவுல எக்ஸ்டர்னல் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் பேசியிருக்கார். பிபிடியைப் பார்க்கவே இல்லையாம். மண்ணு கறை படிஞ்ச அந்த ரீடிங் நோட்டை மட்டும் கேட்டு வாங்கிப் புரட்டியிருக்கார். ''சென்சாரைச் சுத்தி வெடிப்பு விடாம இருக்க என்ன பண்ணலாம்?''னு அவர் கேட்க, இவ மூணு வழி சொல்ல, மூணாவது வழி சரிவராதுன்னு அவர் சொல்ல, இவ விடாம வாதாட... வெளியே அடுத்த பேட்ச் பசங்க, ''என்னக்கா, வெளிய வர்ற ஐடியாவே இல்லையா?''ன்னு கதவைத் தட்டியிருக்காங்க.

ரிப்போர்ட்டோட 'நன்றி' பக்கத்துல முதல்வர், ஹெச்.ஓ.டி., கைடு எல்லாருக்கும் அப்புறம், அப்பா பேருக்கு முன்னாடி, சிவில் லேப் அண்ணன் பேரையும் போட்டிருந்தா. பதினெட்டு வருஷ சர்வீஸ்ல அவர் பேர் ஒரு ரிப்போர்ட்ல வர்றது அதுதான் முதல் தடவையாம். முழு ரிப்போர்ட்டும் தரேன்னு சொல்லியிருக்கா. ''அது எனக்கெதுக்கும்மா''ன்னு சொல்லிட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போனாராம்.